அறைக்கு எத்தனை டிகிரி?

ஒரே அறை. ஒருவருக்கு வியர்க்கிறது, இன்னொருவர் போர்வையை இழுத்துப் போர்த்திக் கொள்கிறார். இருவரில் யார் சொல்வது சரி? ஒரு வெப்பமானியைக் கொண்டு வந்து வைத்தால் வழக்கு தீர்ந்துவிடும் என்று நினைப்பீர்கள். போன மே மாதத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இருபது வருஷமாக வெப்பவியல் பாடம் நடத்துகிறவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

எங்கள் வீடு ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கிறது. முன்பகுதி ஓடு வேய்ந்த பழைய வீடு, நடுவில் முற்றம். பின்புறம் மாடியில் பிற்பாடு கட்டிய ஒரு கான்கிரீட் அறை. அந்த அறைக்குத்தான் ஒன்றரை டன் ஏ.சி. வாங்கி மாட்டினோம். கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. பத்தாம் வகுப்பு முடித்த அக்கா மகன் இரவு ஒன்பது மணிக்கு ரிமோட்டைக் கையில் எடுத்தான். 18 என்று வைத்தான். என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. அரை மணி நேரத்தில் அவர் கம்பளியைத் தேட ஆரம்பித்தார். "பாட்டி, இன்னும் குளிரவே இல்லை, எனக்கு வேர்க்குது" என்கிறான் அவன். "காலெல்லாம் விறைச்சுப் போச்சுடா" என்கிறார் அவர். நள்ளிரவில் எல்லோரும் தூங்கிய பிறகு அம்மா ஓசைப்படாமல் எழுந்து ஏ.சி.யை நிறுத்திவிட்டார். இரண்டு மணிக்கு எல்லோரும் வியர்வையில் நனைந்து எழுந்தோம். அம்மாவுக்கு மட்டும் வியர்க்கவில்லை. ஆனால் உடம்பு அனலாக இருந்தது. எனக்குக் கவலை பிடித்துக் கொண்டது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மறுநாள் கல்லூரி ஆய்வகத்திலிருந்து இரண்டு வெப்பமானிகளை இரவல் வாங்கி வந்தேன். கொரோனா காலத்தில் வாங்கிய, தொடாமலே வெப்பநிலை காட்டும் அகச்சிவப்புக் கருவி ஒன்றும் வீட்டில் இருந்தது. (நெற்றியை மட்டும் அளக்கும் கருவியல்ல, சுவர், பாத்திரம் எதையும் அளக்கும் வகை.) அன்று இரவு ஒன்பதரை மணிக்குக் கிடைத்த அளவுகள் இவை. ரிமோட்டில் 18. கட்டிலருகே காற்றின் வெப்பநிலை 26. மேற்குச் சுவர் 35. கூரையின் அடிப்பக்கம் 38. ஏ.சி.யின் வாயிலிருந்து வரும் காற்று 14. அது நேராக விழுந்த இடம் அம்மாவின் கட்டில். எல்லாம் செல்சியஸ் டிகிரிகள்.

ஒரே அறைக்குள் ஐந்து வெப்பநிலைகள்! இவற்றில் எது 'அறை வெப்பநிலை'?

இங்கே ஒரு பள்ளிக்கூடக் கதை சொல்ல வேண்டும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வொயிட்வாட்டர் என்னும் ஊர். அங்குள்ள ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வாரன் ஜான்சன் என்பவர் ஆசிரியர். பனிக்காலத்தில் வகுப்பறைகளைச் சூடாக்க அடித்தளத்தில் அடுப்பு எரியும். எந்த வகுப்பு குளிர்கிறது, எது புழுங்குகிறது என்று பார்க்கப் பணியாள் வகுப்பு வகுப்பாக ஏறி வருவார், பாடம் தடைப்படும். இதற்கு முடிவு கட்ட எண்ணிய ஜான்சன், வகுப்பறையின் வெப்பநிலை மாறினால் அடித்தளத்தில் மணியடிக்கும் மின்கருவி ஒன்றைச் செய்து 1883ல் காப்புரிமை பெற்றார். அறைகளில் நாம் காணும் தெர்மாஸ்டாட்டுக்கு அது முன்னோடி.

அதன் தத்துவம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பித்தளையையும் இரும்பையும் ஒட்டிய தகடு சூடானால் வளைகிறது. ஏனெனில் பித்தளை அதிகமாக விரிவடைகிறது. வளைந்தால் மின்சுற்று திறக்கும், குளிர்ந்தால் மூடும். உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியில் 'டிக்' என்று கேட்பது இந்தத் தகடுதான். இன்றைய ஏ.சி.களில் தகட்டுக்குப் பதிலாகத் தெர்மிஸ்டர் இருக்கிறது. சூடு ஏறினால் மின்தடை குறையும் சின்னஞ்சிறு மணி அது. சாதாரண ஏ.சி.யில் கம்ப்ரெசர் ஓடும் அல்லது நிற்கும். இன்வர்ட்டர் ஏ.சி.யில் தேவைக்கேற்ப வேகம் கூடும், குறையும். இதுதான் வேறுபாடு.

தெர்மிஸ்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான ஏ.சி.களில் அது உள்பெட்டிக்குள், அறைக்காற்று நுழையும் இடத்தில் இருக்கிறது. அதாவது கூரைக்கு ஒரு முழம் கீழே. சூடான காற்று மேலே தங்கும் அல்லவா? எங்கள் அறையில் கூரையே 38 டிகிரியில் காய்ந்து கொண்டிருந்தது. ஆகவே அந்தத் தெர்மிஸ்டர் 18ஐப் பார்க்கவேயில்லை. கம்ப்ரெசர் இடைவிடாமல் முழு வேகத்தில் ஓடிற்று. அக்கா மகன் கேட்ட 18 கடைசிவரை வரவில்லை.

"18ல் வெச்சா சீக்கிரம் குளிரும் மாமா" என்பது அவன் வாதம். பலர் அப்படி நம்புகிறார்கள். ஸ்ரீமுஷ்ணத்தில் பஸ் ஏறிச் சிதம்பரத்தில் இறங்க வேண்டியவர் சீர்காழிக்கு டிக்கெட் எடுத்தால் பஸ் வேகமாகவா போகும்? ரிமோட்டில் வைக்கும் எண், எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. அறை 34 டிகிரியில் இருக்கும்போது 24 என்று வைத்தாலும் 18 என்று வைத்தாலும் கம்ப்ரெசர் தன் முழு வேகத்தில்தான் தொடங்கும். 18 வைத்தவர் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போவார், கூடுதல் கட்டணத்தோடு.

சரி, காற்று 26 டிகிரியில் இருக்கும்போது அவனுக்கு ஏன் வியர்த்தது? பொய் சொல்கிறானா? இல்லை. நம் உடம்பு வெப்பநிலையை அளக்கும் கருவியே அல்ல. அது வெப்பம் எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது என்பதை உணரும் கருவி.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடல் வினாடிக்குச் சுமார் 100 ஜூல் வெப்பத்தை உண்டாக்குகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றுக்குச் சமம்! இந்த 100 வாட்டும் வெளியேறியாக வேண்டும். வழிகள் மூன்று. தோலைத் தொடும் காற்று ஓரளவு எடுத்துப் போகிறது. தோல் சுற்றியுள்ள சுவர், கூரை, தரை ஆகியவற்றுக்கு வெப்பத்தைக் கதிர்வீசுகிறது. மீதி வியர்வை ஆவியாவதில் போகிறது. பாடப்புத்தகத்தில் மூன்றையும் படித்திருப்பீர்கள். ஆனால் கதிர்வீச்சு என்றால் சூரியனும் தணலும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் காற்றோட்டம் இல்லாத அறையில், காற்றுக்குக் கொடுப்பதைவிட அதிகமான வெப்பத்தை நாம் சுவர்களுக்கும் கூரைக்கும்தான் கொடுக்கிறோம்.

தோலின் வெப்பநிலை சுமார் 34 டிகிரி. கூரை 38 டிகிரியில் இருந்தால்? கொடுக்கல் வாங்கல் தலைகீழாகிறது. கூரை நமக்குக் கொடுக்கிறது. கட்டடப் பொறியாளர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: காற்றின் வெப்பநிலையையும், சுற்றியுள்ள பரப்புகளின் சராசரி வெப்பநிலையையும் கூட்டி இரண்டால் வகுத்தால், உடம்பு உணரும் வெப்பநிலை கிடைக்கும். எங்கள் அறையில் காற்று 26. பரப்புகளின் சராசரியை 34 என்று கொள்ளலாம். விடை 30. அக்கா மகன் சொன்னது சரி. 14 டிகிரிக் காற்று காலில் விழுந்து கொண்டிருந்த அம்மா சொன்னதும் சரி. ரிமோட்டின் 18 மட்டும் யாருக்கும் பொருந்தாத எண்.

கூரை இரவு ஒன்பது மணிக்கு ஏன் அவ்வளவு சூடு? கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு மதியம் ஒரு மணியளவில் காய்ந்து உச்சத்தை அடைகிறது. அந்தச் சூடு தளத்தைக் கடந்து அடிப்பக்கம் வர நாலைந்து மணி நேரமாகும். பிறகு தளம் முழுவதும் தேக்கி வைத்த வெப்பத்தை மேலும் கீழுமாக நள்ளிரவு தாண்டியும் விட்டுக் கொண்டேயிருக்கும். சூரியன் மறைந்தபின் அறைக்குள் உதிக்கிறது என்றுகூடச் சொல்லலாம். எங்கள் வீட்டு முன்பகுதியில் இந்தத் தொல்லை இல்லை. ஓடு மெல்லியது, சீக்கிரம் சூடாகி, சீக்கிரம் ஆறிவிடும். ஓட்டின் இடுக்குகளில் சூடான காற்று வெளியேறவும் வழியுண்டு. மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்தால் ஏன் சுகமாக இருக்கிறது என்பதும் இப்போது புரியும். தெளிந்த இரவு வானம் காற்றைவிடக் குளிர்ந்த ஒரு கூரை. உடம்பு அதற்குத் தாராளமாகக் கதிர்வீசுகிறது.

இனி, எத்தனை டிகிரியில் நமக்குச் சுகம் என்ற கேள்வி. இதற்கு நம் நாட்டிலேயே நல்ல ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. வெளியே அதிகம் தெரியவில்லை. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் சர்மா, ஷரபத் அலி என்ற இருவர், இந்திய இளைஞர்களை வெவ்வேறு வெப்பம், ஈரப்பதம், காற்று வேகங்களில் உட்கார வைத்துக் கேட்டு, 'வெப்பமண்டலக் கோடைக் குறியீடு' என்ற ஒன்றை 1986ல் வெளியிட்டார்கள். காற்றின் வெப்பநிலையை மட்டும் அவர்கள் எடுத்துக் கொள்ளவில்லை. சுவர்களின் கதிர்வீச்சையும் சேர்த்து உணரக் கருங்கோள வெப்பமானி, ஈரப்பதத்துக்கு ஈரக்குமிழ் வெப்பமானி, பிறகு காற்றின் வேகம், மூன்றும் சேர்ந்தது அந்தக் குறியீடு. அதன்படி நமக்குச் சுகமான எல்லை 25 முதல் 30 வரை. நடு இடம் 27.5.

அந்த வாய்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி காற்று வேகம். வேகத்தை மீட்டர் / வினாடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 2.06ஆல் பெருக்கினால் வருவது அத்தனை டிகிரி குறைந்தது போன்ற உணர்வு. வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று பட்டால் 2 டிகிரி குறைந்தது போலிருக்கும். 4 டிகிரி குறைய வேண்டுமானால்? வேகத்தை இரு மடங்காக்கினால் போதாது. நான்கு மடங்காக்க வேண்டும். அதனால்தான் மின்விசிறியின் முதல் இரண்டு எண்கள் தரும் சுகம் கடைசி எண்ணில் தொடர்ந்து கூடுவதில்லை. எங்கள் வீட்டில் 'ஏ.சி. ஓடும்போது ஃபேன் போடக் கூடாது' என்று ஒரு சட்டம் இருந்தது. யார் இயற்றினார்களோ தெரியாது. ஜன்னல் திறந்திருந்தால் ஒழிய அந்தச் சட்டத்துக்குக் காரணமே இல்லை.

அகமதாபாத்திலுள்ள செப்ட் பல்கலைக்கழகத்தார் இன்னொரு வழியில் போனார்கள். சென்னை, பெங்களூர், டெல்லி, அகமதாபாத், சிம்லா ஆகிய நகரங்களில் 16 அலுவலகக் கட்டடங்களில் வேலை செய்வோரிடம் பருவத்துக்குப் பருவம் கேட்டு 6,330 பதில்களைத் திரட்டினார்கள். ஆய்வு 2016ல் வெளியாயிற்று. ஏ.சி. இல்லாமல், ஜன்னலும் விசிறியும் உள்ள கட்டடங்களுக்கு அவர்கள் கண்ட விதி இது: கடந்த 30 நாட்களின் வெளி வெப்பநிலைச் சராசரியை 0.54ஆல் பெருக்கி 12.83 கூட்டுங்கள். வெளிச் சராசரி 31 ஆக இருக்கும் மே மாதத்தில் போட்டுப் பாருங்கள்: 29.6 வரும். சராசரி 25 ஆக இருக்கும் மார்கழியில் 26.3. நம் உடம்பும் பழக்கமும் பருவத்தோடு நகர்கின்றன. விரும்பும் வெப்பநிலையும் கூடவே நகர்கிறது. ஏ.சி. ஓடும் கட்டடங்களில் இந்த நகர்வு குறைவு. குளிருக்கே பழகியவர்கள் குளிரையே கேட்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2018ல் குளிர்நாடுகளுக்கு ஒரு பரிந்துரை செய்தது. பனிக்காலத்தில் வீட்டினுள் வெப்பநிலை 18க்குக் கீழே போகாமல் பார்த்துக் கொள்ளுங்கள், உடல்நலத்துக்குக் கேடு என்றது. அங்கே எரிபொருளைச் செலவழித்து எந்த எண்ணுக்கு ஏற்றுகிறார்களோ, அதே எண்ணுக்கு நாம் மின்சாரத்தைச் செலவழித்து இறக்கப் பார்க்கிறோம்!

செலவைக் கணக்கிடுவோம். நியூட்டனின் குளிர்வு விதிப்படி, அறைக்குள் கசியும் வெப்பம் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. வெளியே 36 என்று கொள்ளுங்கள். அறையை 27ல் வைத்தால் வேறுபாடு 9. 18ல் வைத்தால் வேறுபாடு 18. கசிவு சரியாக இரு மடங்கு. ஏ.சி.யின் திறனும் அப்போது குறையும். பி.இ.இ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் எரிசக்தித் திறன் பணியகம் (நட்சத்திர முத்திரை ஒட்டுகிறவர்கள்) ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது. நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏ.சி.கள் விற்பனைக்கு வரும்போது 24 டிகிரியிலேயே அமைந்திருக்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 20க்குக் கீழேயும் 28க்கு மேலேயும் வைக்க முடியாதபடி செய்யும் யோசனையை 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் அறிவித்தார்.

ஒன்றரை டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் ஒன்றரை யூனிட் செலவாகும். எங்கள் ஊருக்கு வடகிழக்கே நெய்வேலி இருக்கிறது. 1962 முதல் அங்கே பழுப்பு நிலக்கரியில் மின்சாரம் எடுக்கிறார்கள். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ நிலக்கரி எரிய வேண்டும். அந்த இரவில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வராத 18 டிகிரிக்காக நாங்கள் எரித்தது நாலரைக் கிலோ. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் சூரிய மின்சாரம் கை கொடுக்கும். எல்லோர் வீட்டிலும் படுக்கையறை ஏ.சி. ஓடும் இரவில் அது பூஜ்யம்.

இப்போது 'ஸ்மார்ட்' கருவிகளின் காலம். அமெரிக்காவில் 2011ல் வந்த நெஸ்ட் என்னும் தெர்மாஸ்டாட், வீட்டார் எந்த நேரத்தில் எந்த எண்ணுக்குத் திருப்புகிறார்கள் என்று குறித்து வைத்து, சில நாட்களில் தானே திருப்பக் கற்றுக் கொண்டது. அறையில் ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் தணிந்து கொள்ளும். நம் ஊர்க் கடைகளிலும் செல்போனிலிருந்து இயக்கும் ஏ.சி.கள், ரிமோட்டுக்குள்ளேயே வெப்ப உணர்வி உள்ள ஏ.சி.கள் கிடைக்கின்றன. பின்னது நல்ல ஏற்பாடு. தலைமாட்டில் ரிமோட்டை வைத்தால் கூரையடிக் காற்றை அளக்காமல் நம்மருகே அளக்கும்.

ஆனால் கற்றுக் கொள்ளும் கருவி எங்கள் வீட்டில் இருந்திருந்தால் என்ன கற்றிருக்கும்? ஒன்பது மணிக்கு 18, பன்னிரண்டு மணிக்கு நிறுத்து, இரண்டு மணிக்கு மறுபடி 18. ஒருவரே மனம் மாறி மாறி அழுத்துவதாக அது எண்ணியிருக்கும். அழுத்தியது இருவர் என்றோ, ஒருவருக்குக் கூரை சுடுகிறது, மற்றவருக்குக் கால் விறைக்கிறது என்றோ அதற்கு எப்படித் தெரியும்? டென்மார்க் விஞ்ஞானி ஃபாங்கர் 1970ல் வெளியிட்ட புகழ்பெற்ற கணக்கில் காற்றின் வெப்பநிலை, பரப்புகளின் கதிர்வீச்சு, ஈரப்பதம், காற்று வேகம், உடுத்தியுள்ள உடை, செய்யும் வேலை என்று ஆறு அளவுகள் உண்டு. ஆறையும் மிகச் சரியாக அமைத்தாலும் நூற்றுக்கு ஐந்து பேராவது திருப்தியடைய மாட்டார்கள் என்றுதான் அந்தக் கணக்கு சொல்கிறது. தெர்மிஸ்டர் ஒன்றை மட்டும் வைத்துக் கொண்டிருக்கும் கருவி ஆறில் ஒன்றைத்தான் அளக்கிறது.

இதில் முதியவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வயதானால் ஓய்வில் உடல் உண்டாக்கும் வெப்பம் குறைகிறது. தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வெப்பத்தைக் காத்துக் கொள்வதும் மந்தமாகிறது. ஆகவே குளிர் அவர்களை முதலில் தாக்கும். அதே வயதில் வியர்ப்பதும் தாமதம், தாகம் தெரிவதும் தாமதம். புழுக்கத்தில் உடல் சூடேறுவதை அவர்களே உணராமல் இருக்கக் கூடும். ஜன்னல் சாத்திய அறை, 38 டிகிரிக் கூரை, நிறுத்திய ஏ.சி., வியர்க்காத அம்மா. எனக்குக் கவலை பிடித்தது இதனால்தான். 18ஐப் பொறுக்க முடியாமல் அவர் எடுத்த முடிவு, அவருக்கு 18ஐவிட ஆபத்தானது.

நாங்கள் செய்தது சிறிய காரியம்தான். அம்மாவின் கட்டிலை எதிர்ச் சுவர்ப் பக்கம் நகர்த்தினோம். மொட்டை மாடியைப் பெருக்கிக் கழுவி, அக்கா மகனும் நானுமாகக் கிளிஞ்சல் சுண்ணாம்பை இரண்டு முறை அடித்தோம். மூன்றாம் நாள் இரவு ஒன்பதரைக்குக் கூரையின் அடிப்பக்கம் 33. பரப்புகளின் சராசரி 32 என்று வைத்து, ஏ.சி.யை 26ல் விட்டு, விசிறியை இரண்டில் சுழல விட்டோம். கணக்கு: 26ம் 32ம் சேர்ந்து சராசரி 29, விசிறிக்கு 2 கழித்தால் 27. பத்தரை மணிக்கெல்லாம் கம்ப்ரெசர் வேகம் தணிந்து முனகத் தொடங்கிற்று. அம்மா மெல்லிய பருத்திப் போர்வையோடு தூங்கினார். சுண்ணாம்பு ஐப்பசி மழையில் கரைந்து போகும். மாசியில் மறுபடி அடிக்க வேண்டும்.

நீங்களும் அளந்து பாருங்கள். பழைய பிங்பாங் பந்து ஒன்றுக்கு மங்கலான கருப்பு வண்ணம் பூசி, சிறு துளையிட்டு, சாராய வெப்பமானியின் குமிழ் நடுவில் நிற்கும்படி செருகினால் கருங்கோள வெப்பமானி தயார். (பாதரச வெப்பமானி வேண்டாம்; உடைந்தால் தொல்லை.) பக்கத்தில் சாதாரண வெப்பமானி ஒன்றைத் தொங்க விடுங்கள். இரண்டையும் காலை ஆறு, பிற்பகல் மூன்று, இரவு ஒன்பது மணிகளில் குறித்துக் கொள்ளுங்கள். ஓட்டு வீடு, கூரை வீடு, தளம் போட்ட வீடு, உங்கள் வகுப்பறை என்று இடம் மாற்றியும் பார்க்கலாம். இரண்டு வெப்பமானிகளும் எங்கே ஒத்துப் போகின்றன, எங்கே பிரிகின்றன என்பதைக் கவனியுங்கள்.

அக்கா மகன் சென்னை திரும்பியதும் தங்கள் வீட்டில் இதைச் செய்து எனக்கு எழுதியிருந்தான். அவர்கள் குடியிருப்பது ஐந்து மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. இரவு ஒன்பது மணிக்குக் கருங்கோளத்துக்கும் சாதாரண வெப்பமானிக்கும் அரை டிகிரிதான் வித்தியாசம். எங்கேயோ தப்பு செய்துவிட்டேனா மாமா என்று கேட்டிருந்தான். அவன் அளவில் தப்பில்லை. ஏன் என்று உங்களால் சொல்ல முடியும்.